முதுமையில் சோரியாசிஸ்: களிம்பா, ஒளியா, மாத்திரையா, ஊசியா?

முப்பது வயதுக்காரருக்குச் சோரியாசிஸ், அதாவது தோல் திட்டுத் திட்டாகத் தடித்துச் செதில் உதிரும் நோய், என்றால், எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எழுபதைத் தாண்டியவரிடம் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு: சிறுநீரகம் எப்படி இருக்கிறது? ஏற்கெனவே என்னென்ன மாத்திரை ஓடுகிறது?

எல்லோரும் தொடங்குவது களிம்பில்தான். ஆனால் மூட்டுவலி உள்ள கை முதுகுக்கு எட்டாது. ட்யூபைப் பிதுக்குவதே பாடு. வயதானால் தோல் தானாகவே மெலிகிறது. அதன்மேல் வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசினால், லேசாக இடித்தாலும் ரத்தம் கன்றிவிடும். வைட்டமின் டி வகைக் களிம்பான கால்சிபோட்ரியாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாரம் 100 கிராமைத் தாண்டினால்தான் கால்சியம் ஏறும் பயம். நாலைந்து திட்டுக்கு இது போதும். உடம்பெங்கும் படர்ந்த பிறகும் களிம்பை நம்பியே வருஷங்களை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படிப் படர்ந்தவர்களுக்கு, போய்வர முடியுமானால், என் ஓட்டு 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிக்குத்தான். கல்லீரல், சிறுநீரகம் எதையும் அது சீண்டாது, வேறு மாத்திரைகளோடும் பெரும்பாலும் மோதாது. வாரம் 2 அல்லது 3 முறை, சில மாதங்கள். அலைச்சல்தான் பெரிய தடை; கண்ணை மறைத்துக்கொண்டு ஒளிப்பெட்டிக்குள் தள்ளாடாமல் நிற்கவும் வேண்டும். தோல் புற்றுநோய் வந்தவர்களும், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போல, ஒளி பட்டால் தோலைப் பாதிக்கச் செய்யும் மாத்திரை எடுப்பவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைகளில் மெத்தோட்ரெக்சேட் மலிவு, பழகிய மருந்து, மூட்டுக்கும் உதவும். முதியவர்களிடம் அதிகம் சறுக்குவதும் இதுவே. இது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. 80 வயது, 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) 1.1 என்று வந்தால், பல ரிப்போர்ட்டுகளில் அது நார்மல் கணக்கில்தான் இருக்கும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிக்கும் கீழே. அந்த நிலையில் இந்த மருந்தைத் தொடவே கூடாது. அப்புறம், இது வாரத்துக்கு ஒரே நாள் போடுவது. ஞாபகம் பிசகித் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண் அதன் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுத்தாலும் அதே கதி. சிறுநீரகம் நன்றாக இருந்து, மாத்திரையை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆளும் இருந்தால், குறைந்த அளவில், ஃபோலிக் அமிலத்தோடு தொடங்கலாம்.

மற்ற மாத்திரைகளில் அசிட்ரெட்டின் நோய் எதிர்ப்பைக் குறைக்காது. ஆனால் மெதுவாக வேலை செய்யும், உதடு வெடிக்கும், கொழுப்பு ஏறும். அப்ரெமிலாஸ்டுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை. வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் மெலிந்தவரை வாட்டும். சைக்ளோஸ்போரின் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதால் இந்த வயதில் கடைசி இடம்.

அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுக்கும் பயாலஜிக் ஊசிகளுக்குச் சிறுநீரகக் கவலை இல்லை. இதயம் பலவீனமானவருக்கு அடாலிமுமாப் வகை வேண்டாம். செகுகினுமாப் வகையில் பூஞ்சைத் தொற்று வரலாம், நாள்பட்ட குடல் அழற்சி நோய் (கிரோன் போன்றவை) இருந்தால் ஒத்துவராது. ரிசாங்கிசுமாப் தொடக்க டோஸ்களுக்குப் பிறகு 12 வாரத்துக்கு ஒரு முறைதான். மறதிக்காரருக்கு மெத்தோட்ரெக்சேட்டைவிட இதையே தேர்வேன். விலைதான் இடிக்கும். எந்த ஊசியானாலும் காசநோய்ப் பரிசோதனை முதலில். போட வேண்டிய தடுப்பூசிகளையும் அதற்குள் முடித்துவிடுவது நல்லது.

ஸ்டீராய்டு மாத்திரையை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. விழுங்கும்போது படை மாயமாய் மறையும். நிறுத்தியதும் சீழ்க்கொப்புளங்களோடு திரும்பி வரக்கூடும்.