அட்டைப் படத்தை நம்பி வாங்கிய ஐம்பது கிழங்கு

பெட்டியின் மேல், கிழங்கிலிருந்து முளைத்து வசந்தத்தில் பூக்கிற குரோக்கஸ், டாஃபடில், மஸ்காரி, டியூலிப் நான்கும் ஒரே நாளில் பூத்துக் குலுங்குகிற படம். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். குரோக்கஸ் வாடி ஓய்ந்த பிறகுதான் டியூலிப் மொட்டே விடும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் படம் ஆளை இழுத்துவிட்டது.

தபாலில் வந்த கலப்புப் பெட்டி அது. டியூலிப் 15, டாஃபடில் 10, மஸ்காரி 15, குரோக்கஸ் 10. விற்றவர் பெயர் வேண்டாம், இப்படிப் பெட்டி விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டாஃபடில் கிழங்குகள் அருமை. கையில் எடுத்தால் கனம், அழுத்தினால் கல் மாதிரி, பெரும்பாலானவற்றில் இரட்டை மூக்கு, அதாவது இரண்டு முளைநுனி. மஸ்காரியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. டியூலிப்பில்தான் மூன்று மெத்தென்று அழுகியிருந்தன. இன்னும் சிலவற்றின் மேல் நீலப்பூஞ்சை. கிழங்கு கெட்டியாக இருந்தால் அந்த நீலத்துக்குப் பயப்பட வேண்டாம், துணியால் துடைத்துவிட்டு நடலாம். பழுப்புத் தோல் உரிந்து வந்தாலும் பாதகமில்லை.

உண்மையான கோளாறு பொடி எழுத்தில் இருந்தது. டியூலிப் பையின் ஓரத்தில் 10/11 என்று போட்டிருந்தார்கள். அது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். தோட்டத்துக்கு வாங்குகிறவர்கள் 12-க்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும். சின்னக் கிழங்குக்குப் பூவைச் சுமக்கிற அளவு சேமிப்பு இருக்காது. நட்ட பன்னிரண்டில் நான்கு, அகலமாக ஒற்றை இலை மட்டும் விட்டு நின்றுவிட்டன. டியூலிப் ஒற்றை இலையோடு வந்தால் அந்த வருஷம் பூ கிடையாது, காத்திருந்து பயனில்லை.

அடுத்தது, உள்ளே வைத்திருந்த நடவுத் தாள். எல்லாவற்றையும் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நடச் சொன்னது. எழுதியவர் மண்வெட்டியைத் தொட்டவர்தானா என்று சந்தேகம். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு குழி, கூர்முனை மேலே, அவ்வளவுதான் கணக்கு. 5 சென்டிமீட்டர் டியூலிப்புக்கு 15 ஆகிறது. குரோக்கஸுக்கு 8 போதும், ஆனால் அங்கே வேறு தொல்லை: நட்ட மறுநாளே அணில் நான்கைத் தோண்டிப் போட்டுவிட்டது. மிச்சத்தின் மேல் கோழிவலையை விரித்து மண்ணைத் தள்ளினேன், அப்புறம் அணில் தொடவில்லை. டாஃபடில் பக்கம் அது போகவே இல்லை. அதில் லைக்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது. (அதனால்தான் டாஃபடில் கிழங்கை வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.)

குளிர் பற்றித் தாளில் ஒரு வரி கூட இல்லை. இலையுதிர் காலத்தில் நட்டு, மண்ணுக்கடியில் மூன்று மாதத்துக்குமேல் நல்ல குளிர் பட்டால்தான் டியூலிப் ஒழுங்காகத் தண்டு நீட்டிப் பூக்கும். குளிர் போதாத இடத்தில் இருப்பவர்கள் 12 முதல் 16 வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நடுகிறார்கள். ஒருமுறை நானும் வைத்தேன், ஆப்பிளுக்குப் பக்கத்தில். பழம் விடுகிற எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கிற மொட்டைக் கருக்கிவிடும் என்று அப்போது தெரியாது. இலை செழிப்பாக வந்தது, மொட்டு காகிதமாய்க் காய்ந்தது.

தாளின் கடைசி வரிதான் எனக்கு மிகவும் கோபம் மூட்டியது: "பூத்து முடிந்ததும் செடியை வெட்டிவிடவும்." வெட்டாதீர்கள்! வாடிய பூத்தலையை மட்டும் கிள்ளுங்கள். அடுத்த வருஷத்துப் பூவுக்கான உணவை அந்த இலைகள்தான் சமைத்துக் கீழே அனுப்புகின்றன, அதற்குக் குறைந்தது ஆறு வாரம் வேண்டும். அழகுக்காக இலையை முடிச்சுப் போடவும் வேண்டாம். இவ்வளவு செய்தாலும் டியூலிப் மறுவருஷம் பூக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். தாய்க்கிழங்கு பூத்ததோடு தீர்ந்துவிடும், அதன் இடத்தில் வருகிற குட்டிகள் பல நேரம் பூக்கும் அளவுக்குத் தேறுவதில்லை. டாஃபடில் அப்படியில்லை, நீர் தேங்காத இடமாக இருந்தால் வருஷா வருஷம் பெருகும்.

ஆகவே டாஃபடிலுக்கும் மஸ்காரிக்கும் முழு மதிப்பெண், டியூலிப்புக்குப் பாதி, தாளுக்குச் சுழி. இனி கலப்புப் பெட்டி வாங்கமாட்டேன், அளவு எண்ணைப் பார்த்துத் தனித்தனியாகத்தான்.

அழுகிய மூன்றைப் பற்றி எழுதியதும் மறுபேச்சில்லாமல் மாற்றுக் கிழங்கு அனுப்பினார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வந்தபோது மண் கல்லாக உறைந்திருந்தது, அதனால் தொட்டியில் வைத்து வெளியே குளிரில் விட்டேன். மூன்றும் பூத்தன. பெட்டியில் போட்டிருந்த சிவப்பு இல்லை, மூன்றும் வெளிர் மஞ்சள்.