புது மெஷினில் விண்டோஸ் 7: ஒரு டிடிபி கடையிலிருந்து

மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் வேலை. 2021-இல் பழைய மெஷின் படுத்துவிட்டது. பத்தாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர் போட்டுப் புதிதாக ஒன்று கட்டி, அதில் விண்டோஸ் 7 ஏற்றச் சொன்னேன். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14-ஆம் தேதியே நிறுத்தியாயிற்று. "எதுக்குண்ணே செவன்? டென்னே போட்டுத் தர்றேன்" என்று அசெம்பிள் பண்ணிய தம்பி தலையைச் சொறிந்தான். இன்று வரை என் பத்திரிகை வேலையெல்லாம் அதில்தான் ஓடுகிறது.

காரணம் பழைய ஃபைல்கள். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துப் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிப் பக்கம் பெயர்கள்தான். தாய்மாமன்கள், பெரியப்பா சித்தப்பாக்கள், பங்காளிகள், சம்பந்திகள். யார் பெயருக்கு அடுத்து யார் பெயர் என்பதில் ஒன்று மாறினாலும் மண்டபத்திலேயே சண்டை வரும். அந்த வரிசையெல்லாம் ஏற்கெனவே நான்கு புரூஃப் பார்த்து, பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்த வரிசை. "அண்ணே, மூத்தவ காதுகுத்துக்கு அடிச்ச பத்திரிகை உங்ககிட்ட இருக்கும்ல? அதையே எடுத்துக்கங்க, காலமானவங்களை மட்டும் சொல்றேன்" என்று வருகிறவர்கள் நிறைய. அந்த ஃபைல் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கும். 2001-இல் வந்த 7.0 பதிப்புதான் அதற்குக் கடைசி.

பேஜ்மேக்கர் மட்டும் என்றால் கவலையில்லை, விண்டோஸ் 10-இலும் கொஞ்சம் முரண்டு பிடித்து ஓடிவிடும். சிக்கல் தமிழ் எழுத்துரு பேக்கேஜில். அது யுனிகோடுக்கு, அதாவது இன்று எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, முந்தைய குறியீட்டில் செய்தது. கூடவே யூஎஸ்பி லாக் என்று யூஎஸ்பியில் செருகும் உரிமச் சாவி ஒன்று உண்டு, அது செருகியிருந்தால்தான் கீபோர்டு தமிழ் அடிக்கும். லாக்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவரோ டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பழைய டிரைவர். 64 பிட் விண்டோஸ் அதை உள்ளே விடாது, 32 பிட் எச்சரித்துவிட்டு விட்டுவிடும். விண்டோஸ் 10-இன் 32 பிட்டையும் போட்டுப் பார்த்தோம், லாக்கைச் செருகினால் நீலத்திரை காட்டி மெஷின் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே 7, அதுவும் 32 பிட்.

யுனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, ஓடும் உரைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. பழைய ஃபாண்டில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடித்திருப்போம், யுனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. அதையெல்லாம் கன்வெர்ட்டரே சரி செய்துவிடும். ஆனால் பழைய குறியீட்டில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பதே ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான். மாப்பிள்ளையின் படிப்பை ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றி, பி.இ. படித்தவருக்கு வாயில் நுழையாத ஒரு பட்டம் கொடுத்துவிடும். பெயர் நிறைந்த பத்திரிகையில் இதை வரிவரியாகத் தேடித் திருத்துவதற்குப் புதிதாகவே அடித்துவிடலாம்.

சரி, ஏற்றிய கதைக்கு வருவோம். விண்டோஸ் 7-இன் இன்ஸ்டால் டிஸ்க்கில் யூஎஸ்பி 3-க்கு டிரைவர் இல்லை. புது போர்டில் இருக்கும் யூஎஸ்பி எல்லாமே அதன் கட்டுப்பாட்டில்தான். மொழியைத் தேர்ந்தெடு என்று திரை வந்து நிற்கும், மவுஸ் நகராது, கீபோர்டு செத்துக் கிடக்கும். போர்டின் பின்னால் பச்சையும் ஊதாவும் கலந்த வட்ட பிஎஸ்2 துளை, பழைய கீபோர்டு மவுஸ் செருகுமிடம், ஒன்று இருந்தது. மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கீபோர்டு அங்கே உயிர்பெற்றது. டேப், என்டர் மட்டுமே வைத்து முழு இன்ஸ்டாலும் முடிந்தது. இப்போது போர்டு வாங்குகிறவர்கள் அந்த வட்டத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யூஎஸ்பிக்குத் திருத்திய டிரைவர்கள் இணையத்தில் உலவுகின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் போர்டின் பிசிஐஇ துளையில் செருகுகிற, ரெனசாஸ் கம்பெனி சிப் வைத்த யூஎஸ்பி கார்டு கிடைத்தது, அதற்கு 7-க்கான டிரைவர் முறையாகவே உண்டு. லாக், பென்டிரைவ், பிரிண்டர் எல்லாம் அந்தக் கார்டில்தான். பத்தாம் தலைமுறையின் உள்கிராஃபிக்ஸுக்கு 7-இல் டிரைவர் கிடையாது, அதனால் ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று. என்விஎம்இ என்ற புதுவகை வேக டிஸ்க்கை 7 தானாக அடையாளம் காணாது, ஹாட்ஃபிக்ஸ் என்ற தனித் திருத்தம் வேண்டும். அந்த வம்பே வேண்டாமென்று சாட்டா வயரில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டி போட்டேன், அழித்த இடத்தைச் சுத்தம் செய்யும் டிரிம் வரைக்கும் ஒழுங்காக நடக்கிறது. பயாஸ் அமைப்பில், பழைய விண்டோஸைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்து, பழையபடி பூட் ஆக விடும் சிஎஸ்எம்மைப் போட வேண்டும். எட்டு ஜிபி ராம் வைத்தாலும் 32 பிட் மூன்று ஜிபிக்குச் சற்று மேல்தான் தொடும். பேஜ்மேக்கருக்கு அதுவே விருந்து.

வேகம்? பட்டனை அமுக்கிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. வைகாசி முகூர்த்த நெருக்கடியில் அப்டேட் என்று சொல்லி உட்கார வைக்காது. அதற்காகவே ஒருவர் 7-இல் இருக்கலாம் என்று தோன்றும், ஆனால் அது நியாயமான காரணம் இல்லை. அப்டேட் வராததுதான் இதன் பெரிய ஓட்டை. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது மாட்டியதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். இனி வரும் ஓட்டைகளுக்குப் பேட்ச்சே கிடையாது. குரோம் பிரவுசரும் 7-இல் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

அதனால் என் மெஷினில் நெட் கிடையாது, லேன் வயரே செருகவில்லை. வாட்ஸாப்பில் வரும் மேட்டர், போட்டோ எல்லாம் பக்கத்தில் விண்டோஸ் 11 போட்ட லேப்டாப்பில் இறங்கும். அங்கே ஸ்கேன் செய்து, கடைக்கென்று வைத்திருக்கும் ஒரே பென்டிரைவில் இந்தப் பக்கம் வரும். வாடிக்கையாளர் நீட்டும் பென்டிரைவை இதில் செருகுவதில்லை, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். வேலை முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கி லேப்டாப்புக்குக் கொண்டுபோய் சிவகாசி பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். ஃபாண்ட் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடுவதால் அங்கே எழுத்து உடைவதில்லை. கலர் பிரிண்டரும் லேப்டாப்பில்தான், புது மாடல்களுக்கு 7-இல் டிரைவர் தேடுவது வெட்டி வேலை. ஒரு நாளைக்கு எத்தனை முறை பென்டிரைவைக் கழற்றி மாட்டுகிறோம் என்பதுதான் இந்த ஏற்பாட்டில் எரிச்சலான விஷயம்.

லாக் இல்லாத மென்பொருள் மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பாடு படவே வேண்டாம். விண்டோஸ் 11-க்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளைப் போட்டு அதற்குள் 7-ஐ வைத்துக்கொள்ளலாம். இருக்கிற நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைத்தால் எது கெட்டாலும் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்கு வரும். நானும் லேப்டாப்பில் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் என் லாக் அதற்குள் திடீர் திடீரென்று காணாமல் போகிறது, பெரிய பத்திரிகையை உருட்டும்போது திரையும் கொஞ்சம் இழுக்கிறது. அவசரத்துக்கு ஃபைலைத் திறந்து பார்க்க மட்டும் அது.

எஸ்எஸ்டியை அப்படியே குளோன், அதாவது முழு நகல், எடுத்து இன்னொன்றில் வைத்திருக்கிறேன், டிஸ்க் போனால் பத்து நிமிட வேலை. லாக் போனால்தான் கதை முடிந்தது. விற்ற நிறுவனம் போனே எடுப்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் பழைய பத்திரிகையைக் கேட்டு யாராவது வந்தால், அந்த ஒரு ஃபைலை மட்டும் இன்டிசைன் என்ற புது வடிவமைப்பு மென்பொருளில் யுனிகோடாகப் புதிதாக அடித்துவிடச் சொல்லிக் கடையிலேயே செய்துவிடுகிறேன். அதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை, பெயர் வரிசையை மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.