முதலில் சாக்கு எடை: வெப்ப ஏற்புத்திறன் அளவியோடு ஒன்பது வருஷம்

கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தராசில் ஏற்றினால், சாக்கு எடையைக் கழித்துவிட்டுத்தான் நெல்லுக்குக் கணக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மீக்கடத்திகளின், அதாவது நன்றாகக் குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்களின், வெப்ப ஏற்புத்திறனை ஒன்பது வருஷமாக அளந்துகொண்டிருக்கிறேன். ஒரு பொருளை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதுதான் அது. இந்தக் கருவியை வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் முதலில் இந்தச் சாக்கைப் பற்றித்தான் பேசுவேன்.

கருவியின் உயிர் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு சஃபையர் மேடை. மெல்லிய கம்பிகளில் வெற்றிடத்துக்குள் தொங்கும். அடியில் ஹீட்டரும் வெப்பமானியும். மேலே ஒரு பொட்டு கிரீஸ், அதன் மேல் மாதிரியாக 20 மில்லிகிராம் யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்ஸைடு என்கிற மீக்கடத்தி. கொஞ்சம் சூடு கொடுத்து நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்று பார்க்க வேண்டும். மெதுவாக ஆறினால் ஏற்புத்திறன் அதிகம். தத்துவம் அவ்வளவுதான். ஆனால் 4 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், அந்தத் துணுக்கின் ஏற்புத்திறன் மைக்ரோஜூல் கணக்குக்கு இறங்கிவிடும். மேடையும் கிரீஸும் சேர்ந்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரும். அதுதான் எங்கள் சாக்கு. அதைக் கழிப்பதற்காக, மாதிரி இல்லாமல் கிரீஸை மட்டும் வைத்து ஒரு ராத்திரி முழுக்க வெற்று ஓட்டம். மறுநாள் அதே கிரீஸின் மேல் மாதிரி. கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்தால் மறுபடியும் வெற்று ஓட்டம். இதற்குச் சலித்துக்கொள்கிற ஆளிடம் கருவியை விடாதீர்கள்.

92 கெல்வினில் பொருள் மீக்கடத்தியாகும் இடத்தில் வரைகோட்டில் ஒரு சின்னத் துள்ளல் வரும். மொத்தத்தில் சில சதவீதம்தான் அது. மீதியெல்லாம் படிக அணிக்கோவையின் அதிர்வு. 10 கெல்வினுக்குக் கீழே போனால்தான் அந்த அதிர்வின் பங்கு, வெப்பநிலையின் முப்படியாகச் சுருங்கி ஒதுங்கும். எலக்ட்ரான்களின் பங்கு கண்ணுக்குத் தெரியும். ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்து, வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிரே வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு. அது செங்குத்து அச்சை வெட்டும் இடம்தான் எலக்ட்ரான்களின் பங்கைச் சொல்லும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அந்தக் குளிருக்குத் திரவ நைட்ரஜன் போதாது. கால்நடை மருத்துவமனைக்கு சினை ஊசிக்காக ஜாடியில் வருவது அதுதான், 77 கெல்வின். ஹீலியம் வேண்டும். எங்களுடையது அதே ஹீலியத்தைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் வகை. 2 கெல்வின் வரை நம்பிப் போகலாம். கம்ப்ரஸரைத் தண்ணீரால் குளிர்விக்க ஒரு சில்லர் உண்டு. முதல் வருஷம் அதில் போர் தண்ணீரை விட்டோம். குழாயெல்லாம் உப்பு படிந்து அடைத்துக்கொண்டது. இன்றுவரை வாலை வடிநீர்தான்.

இந்த ஊரில் பெரிய எதிரி ஈரம். ஒரு ஐப்பசியில் மாணவர் ஓடி வந்தார்.

"சார், 3 கெல்வினுக்குக் கீழ கோடு மேல தூக்குது சார். புதுசா ஏதாவது இருக்குமா?"

எனக்கும் நெஞ்சு படபடத்தது. 9 டெஸ்லா காந்தப்புலம் போட்டோம். அந்தத் தூக்கல் அங்கிருந்து நகர்ந்து 5 கெல்வின் பக்கம் ஒரு மேடாக வந்து நின்றது. தனியாகத் திரியும் தாமிர அயனிகளின் காந்தத் திருப்புத்திறன் செய்கிற வேலை அது. ஷாட்கி மேடு என்பார்கள். மீக்கடத்திக்கு அதில் பங்கில்லை. மாதிரிகளை ஈரம் படாமல் வைக்கும் ஜாடியான டெசிகேட்டரைத் திறந்தேன். நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் ஈரத்தைக் குடித்து முழுக்க வெளிர் சிவப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மாதிரியை எடுத்த கறுப்பு வில்லையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்தப் பொருள் ஈரத்தில் சிதையும். பேரியம் வெளியே வந்து காற்றில் கார்பனேட் ஆகும். நெல்லுக்காவது 17 சதவீத ஈரம் வரை பொறுப்பார்கள்.

"தம்பி, அரைச்சு, திரும்ப ஆக்ஸிஜன்ல வைப்போம்" என்றேன். மூன்று வாரம் போனது. அதிலிருந்து வில்லை உலையை விட்டு வந்ததும் நேரே கண்ணாடிக் குழாயில் ஆர்கான் நிரப்பி மூடிவிடுகிறோம்.

2018 நவம்பர் 16, கஜா புயல். நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்தும் கிடைக்கவில்லை. யுபிஎஸ் தாங்கும்வரை தாங்கியது. பிறகு உள்ளே திரவமாக நின்ற ஹீலியம் ஆவியாகிப் பாதுகாப்பு வால்வு வழியே போய்விட்டது. அந்த வால்வு சரியாகத் திறந்ததால்தான் கருவி பிழைத்தது. சுற்றுவட்டாரமே தென்னையை இழந்து நின்ற நேரத்தில் ஹீலியத்துக்காக யாரிடம் போய்ச் சொல்வது.

குறை என்றால் சர்வீஸ்தான். கம்ப்ரஸரின் எண்ணெய் வடிப்பான் மாற்றும் கெடுவை நிறுவனத்துக்கு நாமே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஒரு முறை பாகம் வர நாலு மாதம். அளவீட்டில் இதுவரை என்னை ஏமாற்றவில்லை. மாதிரி மேடையோடு சரியாக ஒட்டாவிட்டால் ஆறும் கோட்டில் இரண்டு வேகம் தெரியும், மென்பொருளும் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்த புள்ளிகளை நாங்கள் அப்படியே தள்ளிவிடுகிறோம்.

போன மாதம் அதே மாணவர் புது வில்லையை அளந்தார். தூக்கல் முழுக்கப் போகவில்லை. பழையதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. வெற்று ஓட்டத்தை இன்னொரு தடவை எடுத்துக் கழித்துப் பார்க்கிறேன் என்று கிரீஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.