ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

சித்தி மகன் நான்கு ராத்திரி தூங்கவில்லை. ஐந்தாவது ராத்திரி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கீழே வந்தா அவங்க புடிச்சிடுவாங்க" என்றான். கீழே கூடத்தில் மூன்று கட்சி. விடிந்ததும் தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் சித்தி. அண்ணன் செல்போனில் உதவி எண் தேடிக்கொண்டிருந்தான். சித்தப்பா ஆஸ்பத்திரி என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்கும் தெரியவில்லை. மனநல அவசரத்தில் யாரை நாடுவது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் இந்த ஒப்பீடு.

முதலில் போன். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆலோசகர் எடுப்பார்; தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைத்துவிடுவார். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை உண்டு, ஆனால் அது எல்லா நோய்க்குமான பொது எண். மனநலம் என்றால் நான் 14416-ஐத்தான் அழுத்துவேன்.

சென்னையின் சினேகா (044-24640050) வேறு ரகம். 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய அமைப்பு. அங்கே போனை எடுப்பவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற தன்னார்வலர். மருந்து எழுத மாட்டார், புத்திமதியும் சொல்ல மாட்டார். காது கொடுத்துக் கேட்பார். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்து, அதை வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் போனில் பேச ஆள் ஒத்துழைக்க வேண்டுமே. தனக்கு நோய் இருப்பதாகவே நினைக்காத பையன் ஏன் ரிசீவரை வாங்குவான்? வீட்டார் பேசி வழி கேட்கலாம், அவ்வளவுதான். சுவரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும், எதையாவது விழுங்கிவிட்டபோதும் 108 ஒன்றுதான். விழுங்கியவர் தெளிவாகப் பேசுகிறாரே என்று விடியும்வரை காத்திருக்கவே கூடாது. சில விஷங்கள் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் நாள் ஈரலைக் காலி செய்யும்.

அண்ணன் பின்னால் போய் அவனை அணைத்துக் கீழே கொண்டுவந்தான். பதற்றத்தில் 108-ஐ அழைக்காமல் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். வாசலிலேயே, "மனநல டாக்டர் காலையிலதான் வருவார்" என்றார்கள். திரும்பிவிட்டோம். அங்கே நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவுப்படி, உயிருக்கு ஆபத்தான நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம், 72 மணி நேரம் வரை. மனநல மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் சட்டப்புத்தகத்திலேயே இல்லை. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுப்பது நடைமுறை, தண்டனை இல்லை.

கடைசியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. டூட்டி டாக்டர் சின்னப் பெண், கண்ணில் தூக்கம். "எத்தனை நாளா தூங்கல? என்ன மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தார், எப்ப நிறுத்தினார்?" ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. அண்ணன் வீட்டுக்கு ஓடி அலமாரியிலிருந்து பாதி தீர்ந்த அட்டையைக் கொண்டுவந்தான். ஒரு ஊசி போட்டார். அரை மணியில் தூங்கினான். தனியாரில் அறை சுத்தம், இங்கே தரையில் பாய். இருந்தாலும் ராத்திரிக்கு என் ஓட்டு அரசு மருத்துவமனைக்குத்தான், அங்கே எந்நேரமும் யாராவது ஒரு டாக்டர் இருப்பார்.

சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கமும் இருக்கிறது. 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை. அதன் பெயரை வைத்து நாம் அடித்த ஜோக்குகள்தான் பல பேரை அந்த வாசலை மிதிக்க விடாமல் வைத்திருக்கின்றன. ஆள் எதையாவது விழுங்கியிருந்தால் மட்டும் அங்கே வேண்டாம், முதலில் பொது மருத்துவமனை.

கட்டுக்கடங்காமல் போனால் போலீஸ், அதாவது 112. மனநோயாளியை லாக்கப்பில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை; அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 100-ஆம் பிரிவு.

தர்கா? ஏர்வாடி தர்கா பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அந்தக் கொட்டகைகளை மூடிவிட்டார்கள், இப்போது சங்கிலியே சட்டப்படி குற்றம். சித்தியிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மகனோடு அவர் ஏர்வாடிக்குப் போய் ஓதிவிட்டுத்தான் வந்தார். கைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது.