காலத்தோடு மல்லுக்கட்டும் 154 பாட்டுகள்: ஸ்டீஃபன் பூத் பதிப்பை வாங்கலாமா?

ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் அடங்கிய இந்தப் புத்தகம் கைக்கு வந்ததும் முன்னுரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நேரே 126ஆம் பாட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் 1609இல் லண்டனில் அச்சான முதல் பதிப்பின் படம் அப்படியே இருக்கும். பன்னிரண்டு வரி ஓடும், அதோடு பாட்டு நின்றுவிடும். சானெட் என்றால் பதினான்கு வரி. மீதி இரண்டு வரி வரவேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஜோடி. உள்ளே ஒன்றுமே இல்லை.

வயது ஏற ஏற அழகு கூடிக்கொண்டே போகிற ஓர் இளைஞனிடம் பேசும் பாட்டு அது. காலத்தின் மணல் கடிகாரமும் அரிவாளும் உன் கையில் இருப்பதுபோல் தெரிகிறது, இயற்கை உன்னைப் பின்னால் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறாள், ஆனால் எத்தனை நாளைக்கு? தள்ளிப்போட்டாலும் கணக்கை அவள் ஒருநாள் ஒப்படைத்தே ஆகவேண்டும், உன்னைக் கொடுத்துத்தான் கடனைத் தீர்ப்பாள். இதைச் சொல்லி முடித்ததும் அந்தக் காலி இடம். இரண்டு வரி தொலைந்துவிட்டதாக நினைத்து அச்சகத்தார் குறியைப் போட்டுவிட்டார்களா, கவிஞர் வேண்டுமென்றே விட்டதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பன்னிரண்டு வரியும் இரண்டிரண்டாக இயைபு சேர்ந்து முழுசாகவே இருப்பதால் எதுவும் தொலைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எப்படியானாலும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்பிவிட முடியவில்லை. இந்தக் குறிகளையே எடுத்துவிட்டு, பாட்டைப் பன்னிரண்டு வரியோடு அச்சடித்துவிடும் பதிப்புகளும் நிறைய இருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளைக் காலம் என்ற ஒரே விஷயத்துக்காக வாசிக்க நினைப்பவர்களுக்கு நான் இந்தப் பதிப்பைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, என்ன புத்தகம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீஃபன் பூத் என்ற ஆய்வாளர் பதிப்பித்து 1977இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 154 சானெட்டுகளும் உண்டு. ஒரு பக்கம் 1609 அச்சின் படம், எதிர்ப்பக்கம் அதே பாட்டு இன்றைய எழுத்துக்கூட்டலில். பாட்டுகள் எல்லாம் முடிந்தபிறகு, அவற்றைப்போல் பல மடங்கு நீளத்துக்குக் குறிப்புகள். மொத்தம் ஐநூறு பக்கத்தைத் தாண்டும். பழைய அச்சில் எஸ் என்ற எழுத்து எஃப் மாதிரி இருக்கும், யூ வரவேண்டிய இடத்தில் வி, வி வரவேண்டிய இடத்தில் யூ என்று மாறி மாறி வரும். முதல் பத்துப் பாட்டுக்குக் கண் தடுமாறத்தான் செய்யும், பிறகு பழகிவிடும்.

கல்லூரியில் எங்களுக்கு இந்தப் பாட்டுகளில் மூன்று நான்குதான் பாடம். 'காலம் அழிக்கும், கவிதை நிலைக்கும்' என்ற ஒரே விடையை எல்லாவற்றுக்கும் எழுதி மதிப்பெண் வாங்கினோம். 18ஆம் பாட்டைத் தனியாகப் பிய்த்துப் படித்தால் அப்படித்தான் தெரியும். மனிதர்கள் மூச்சு விடும்வரை, கண்கள் பார்க்கும்வரை இந்தப் பாட்டு வாழும், இது உனக்கு உயிர் கொடுக்கும் என்று அடித்துச் சொல்லி முடிகிறதே. ஆனால் அதற்கு முந்தைய பாட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? பின்னால் வருகிறவர்கள் என் பாட்டை நம்பவா போகிறார்கள், என் தாள்கள் பழுப்பேறிக் கிடக்கும், உண்மையைவிட வாய் அதிகமான கிழவர்களைத் தள்ளிவிடுவதுபோல் அவற்றையும் தள்ளிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அதற்கும் முந்தைய 16ஆம் பாட்டில் தன் கவிதையை மலட்டுக் கவிதை என்றே சொல்கிறார். குழந்தை பெற்றுக்கொள், அதுதான் வழி என்று இளைஞனிடம் மன்றாடுவதுதான் முதல் பதினேழு பாட்டும். அந்தப் பயத்திலிருந்து ஒரே எட்டில் 18க்குத் தாவுகிறார். வரிசையாகப் படித்தால்தான் அந்தத் தாவலில் எவ்வளவு துணிச்சல் இருக்கிறது என்று புரிகிறது. பயந்துபோன மனிதன் தனக்கே தைரியம் சொல்லிக்கொள்கிற குரல் அது.

அடுத்ததாக 19. எல்லாவற்றையும் தின்று தீர்க்கும் காலமே, சிங்கத்தின் நகத்தை மழுக்கு, புலியின் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கு, உலகத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என் அன்பனின் நெற்றியில் மட்டும் உன் பழைய பேனாவால் வரி போடாதே என்கிறது. காலத்தின் கையில் அரிவாள் இருப்பது எல்லோருக்கும் தெரியும், இங்கே பேனாவும் இருக்கிறது! காலமும் ஓர் எழுத்தாளர்தான், தோலின் மேல் எழுதுகிறவர். கவிஞர் தாளின் மேல் எழுதுகிறவர். இரண்டு பேரும் போடுவது வரிதான். தமிழில் இதைச் சொல்லும்போது கொஞ்சம்கூட நஷ்டமில்லை, கவிதையின் வரிக்கும் நெற்றியில் விழும் வரிக்கும் நம்மிடம் ஒரே சொல்தானே.

எண்களைக் கவனியுங்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி, கடிகாரம் அடிப்பதை எண்ணும் பாட்டு 12ஆவது. ஒரு மணிக்கு அறுபது நிமிடம், நிமிடங்கள் கரையேறும் அலைகளைப்போல் ஓடி முடிகின்றன என்னும் பாட்டு 60ஆவது. இது தற்செயல் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 12இன் முதல் வரி, 'வென் ஐ டூ கவுன்ட் த க்ளாக் தட் டெல்ஸ் த டைம்', மொத்தம் பத்துச் சொல், ஒவ்வொன்றும் ஓர் அசை. வாய்விட்டுச் சொன்னால் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் அதிலேயே கேட்கும். அதில் எட்டாவது வரிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. கோடையின் பசுமையெல்லாம் கதிர்க்கட்டாகி வண்டியில் போகிறது, ஆனால் அவர் வண்டி என்று சொல்வதில்லை, பாடை என்கிறார். கதிரின் வெள்ளை முள் கிழவரின் நரைத்த சொரசொர தாடி ஆகிவிடுகிறது. அறுவடை வீட்டுக்கு வருகிறது, அதே நேரம் ஒரு முதியவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், ஒரே வரியில் இரண்டும் நடக்கின்றன. வயலில் கதிர்க்கட்டு தூக்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

60இல் காலம் முதலில் கொடுக்கிறது, பிறகு கொடுத்ததையே அழிக்கிறது. நெற்றியில் பள்ளம் பள்ளமாகத் தோண்டுகிறது. எது நின்றாலும் அரிவாளுக்குத்தான் நிற்கிறது என்கிறார் பன்னிரண்டாவது வரியில். அடுத்த வரியிலேயே, இருந்தாலும் என் பாட்டு நிற்கும் என்கிறார். அதே 'நிற்பது'. நிற்பதெல்லாம் அறுபடும் என்று இப்போதுதானே சொன்னீர்கள் ஐயா என்று கேட்கத் தோன்றும். அந்தப் பதற்றத்தை அவர் மறைக்கவில்லை, அதனால்தான் அந்த முடிவு எனக்கு 18இன் முடிவைவிடப் பிடிக்கிறது.

அப்புறம் 73. முதுமையைப் பற்றி இதைவிட நல்ல பாட்டு இங்கிலீஷில் நான் படித்ததில்லை. முதல் நான்கு வரியில் இலையுதிர்காலம், அடுத்த நான்கில் அந்திப்பொழுது, அதற்கடுத்த நான்கில் தன் சாம்பல் மேலேயே படுத்து அணையும் தணல். மாதக்கணக்கு நாழிகையாகி, நாழிகை நிமிடமாகச் சுருங்குகிறது. இரண்டாவது வரியில் மரத்தில் தொங்குவது மஞ்சள் இலைகள், அல்லது ஒன்றுமில்லை, அல்லது கொஞ்சம் என்று வருகிறது. மஞ்சள், கொஞ்சம், ஒன்றுமில்லை என்றுதானே இறங்குமுகமாக வரவேண்டும்? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மறுபடி கிளையை நிமிர்ந்து பார்த்து, இல்லை இல்லை இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று திருத்திக்கொள்கிறார். நோயில் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தத் திருத்தல் என்னவென்று தெரியும். அடுத்து அந்தக் கிளைகளை, பாடகர் குழு இல்லாமல் பாழடைந்துபோன தேவாலய மண்டபங்கள் என்கிறார், பறவைகள் சற்று முன்வரை பாடிய இடம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1536 தொடங்கிச் சில ஆண்டுகளில் மடங்களையெல்லாம் கலைத்தார், 1564இல் பிறந்த ஷேக்ஸ்பியரின் நாட்டில் அந்த இடிபாடுகள் அங்கங்கே நின்றன. அப்படிப் பார்த்தால் அது வெறும் உவமை மட்டுமில்லை. இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்தில் 1609 அச்சைப் பார்த்தால், 'பாழடைந்த' என்ற அந்தச் சொல்லே எழுத்துகள் குழம்பி, நடுவில் ஒரு அபாஸ்ட்ரஃபி (') குறியோடு சிதைந்து கிடக்கிறது. பதிப்பாசிரியர்கள் அதைப் பாழடைந்த என்று படித்துக் கொடுக்கிறார்கள். இன்றைய அச்சை மட்டும் வைத்துப் படிக்கிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிய வாய்ப்பில்லை.

பூத் எழுதிய குறிப்புகளைப் பற்றி. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று அவர் முடிவு கட்டுவதில்லை. வரியைப் படித்துக்கொண்டே போகும்போது நம் மனதில் வந்துபோகும் அத்தனை பொருளையும் பிடித்துக் காட்டுகிறார். சில நேரம் ஒரு வரிக்கு ஒரு பக்கம் ஆகிவிடும். பொறுமை இல்லாத நாளில் படிக்காதீர்கள், எரிச்சல்தான் வரும். அந்த இளைஞன் யார், பிற்பகுதிப் பாட்டுகளில் வரும் கறுத்த பெண் யார் என்று துப்புத் துலக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இது சரிப்படாது.

எனக்கு உள்ள பெரிய குறை, குறிப்புகள் எல்லாம் கடைசியில் இருப்பது. முன்னே ஒரு விரல், பின்னே ஒரு விரல் என்று வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிக் கை வலித்துவிடும். ஆர்டன் என்ற ஷேக்ஸ்பியர் பதிப்பு வரிசையில் கேத்தரின் டங்கன் ஜோன்ஸ் பதிப்பித்தது 1997இல் வந்தது, அதில் குறிப்பு பாட்டுக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருக்கும், நீளமான முன்னுரையும் உண்டு. முதல்முறையாக சானெட் படிக்கிறவர்கள் அதில் தொடங்குவது நல்லது. பூத் இரண்டாவது புத்தகம்.

இதோடு கூட வைத்துப் படிக்க வேறு மூன்று பாட்டுகளைச் சொல்கிறேன், இவை இந்தப் புத்தகத்தில் கிடையாது, தேடினால் எங்கும் கிடைக்கும். ஷேக்ஸ்பியர் காலத்துக் கவிஞர் ஸ்பென்சரின், 1595இல் வந்த அமொரெட்டி என்ற சானெட் தொகுப்பில் 75ஆவது: காதலியின் பெயரைக் கடற்கரை மணலில் எழுதுகிறார், அலை அழிக்கிறது, மறுபடி எழுதுகிறார், மறுபடி அழிக்கிறது. வீண் வேலை, நானும் இப்படித்தான் அழிவேன் என்று அந்தப் பெண்ணே சொல்கிறாள். ஷேக்ஸ்பியரின் இளைஞன் ஒரு வார்த்தை பேசுவதில்லை, இந்தப் பெண் பேசுகிறாள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்தது மில்டன், காலம் என்னும் திருடன் தன் இருபத்துமூன்றாவது வயதைச் சிறகில் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டான், இன்னும் ஒரு மொட்டுக்கூட விடவில்லையே என்று கவலைப்படும் பாட்டு. மூன்றாவது கீட்ஸ். பேனா என் மூளையில் விளைந்ததை அறுவடை செய்து முடிக்கும் முன்பே நான் போய்விடுவேனோ என்று 1818 ஜனவரியில் எழுதினார், அப்போது அவருக்கு 22 வயது. ஷேக்ஸ்பியரின் அதே அமைப்பு, அதே கதிர், அதே களஞ்சியம். ஆனால் கவிதை வாழும் என்ற உறுதிமொழியை அவர் கொடுக்கவில்லை. அகன்ற உலகத்தின் கரையில் தனியாக நிற்கிறேன், காதலும் புகழும் மூழ்கி ஒன்றுமில்லாமல் போகின்றன என்று விட்டுவிடுகிறார். 1821 பிப்ரவரியில் ரோமில் இறந்தார், 25 வயது. அந்தப் பாட்டு அச்சில் வந்தது 1848இல்.

ஷேக்ஸ்பியரிடம் திரும்பினால், 77ஐ மட்டும் யாரும் தவறவிடாதீர்கள். ஒரு கண்ணாடி, ஒரு சூரியக் கடிகாரம், ஒரு வெற்று நோட்டுப் புத்தகம். கண்ணாடி உன் அழகு தேய்வதைக் காட்டும், கடிகாரம் நிமிடம் வீணாவதைக் காட்டும், நினைவில் நிற்காததை இந்த வெற்றுத் தாளில் எழுதி வை, பின்னாளில் திருப்பிப் பார்த்தால் உன் மனசே உனக்குப் புதிதாக அறிமுகமாகும் என்கிறது. அதைப் படித்த வாரம் நானும் ஒரு நோட்டு வாங்கினேன், இந்த விமர்சனத்தில் பாதி அதிலிருந்துதான் வந்தது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நான் முதலில் இணையத்தில் பழைய பிரதி ஒன்று வாங்கினேன், 'புதியது போன்றது' என்று போட்டிருந்தார்கள். வந்ததைப் பிரித்தால் அட்டை மூலை மடங்கியிருந்தது, அது பரவாயில்லை. 126ஆம் பாட்டைத் திறந்தால் அந்தக் காலி அடைப்புக்குறிகளுக்குள் யாரோ நீலப் பேனாவால் கிறுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு வாரம் மின்னஞ்சல் அனுப்பித்தான் பணம் திரும்பியது. இரண்டாவது பிரதியை வேறொருவரிடம் வாங்கும்போது, பணம் கட்டும் முன்பே அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவரும் உடனே அனுப்பினார், குறிகளுக்குள் ஒன்றும் இல்லை.