கல்லடி செஃப்ர கட: மெனு கார்ட மூடி வெச்சிட்டு நண்டும் பிட்டும் கேளுங்க

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தால இறங்கி கடற்கரைப் பக்கம் போற ஒரு குறுக்கு ரோட்டில, வீட்டு முன்பக்கம் தகரக் கூர இறக்கி அஞ்சாறு மேச போட்டிருக்காரு. போர்ட் இல்ல. நம்மட ஊரில தடுக்கி விழுந்தா பாடும்மீன் எண்டு பேர் வெச்ச கடையிலதான் விழணும், இவரு பேரே வைக்கல்ல. செஃப்ர கட எண்டு கேட்டா ஓட்டோக்காரர் கொண்டு விடுவாங்க.

ஆள் முதல் பாசிக்குடாவில ஒரு பெரிய ஹோட்டல் கிச்சின்ல இருந்தவரு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்போட வெள்ளக்காரர் வாறது நிண்டு சம்பளம் அரவாசியாச்சு, அடுத்த வருசம் கொரோனாவோட அந்த அரவாசியும் இல்ல. மறுகா வீட்டு நகைய அடகு வெச்சி டவுணுக்க ஏசி போட்ட கட ஒண்டு தொறந்தாரு, அது கொஞ்சம் ஓடத் தொடங்கின நேரம் பாத்து 2022 காஸ் பிரச்சின, பன்னிரண்டரக் கிலோ சிலிண்டர் 5,000 ரூபாவுக்குக் கிட்டப் போச்சே ஞாபகம் இருக்கும், அந்தக் காசக் கையில வெச்சிக்கிட்டே லைன்ல நிண்டு வெறும் சிலிண்டரோட திரும்பி வந்தம் எல்லாரும், கரண்டும் வெட்டு, ஆனா வாடகைக்கு வெட்டு இல்ல. கடைய மூடிட்டு கட்டாருக்குப் போய் லேபர் கேம்ப்ல நூத்துக்கணக்கான ஆக்களுக்கு பருப்பும் சோறும் ஆக்கி கடன் அடைச்சாரு. இதெல்லாம் அவரு வாய் தொறந்து சொல்லல்ல, கல்லாவில இருக்கிற அவர்ர மாமா பில் எழுதிக்கிட்டே சொன்ன கத. பாவம் பாத்து ஒருக்காப் போலாம், ரெண்டாம் தரம் போறதுக்கு சாப்பாடுதான் கூப்பிடணும். என்னக் கூப்பிட்டுது.

வாவி நண்டு உயிரோட ஈரச் சாக்குக்குள்ள கிடக்கும், நாம சொன்னாத்தான் வெட்டுற. பெரிய காலுக்கு மட்டும் கத்திப் பிடியால ஒரு தட்டு, ஓடு வெடிக்கும், கழண்டு போகாது, அந்த வெடிப்புக்குள்ளால குழம்பு சதையில இறங்கி நிக்குது. வறுத்த தூள், முதப்பால் இறக்கப் போற நேரம், கடசியா ஒரு பிடி முருங்க இல. உறைப்பு நல்லா ஏறும், மூக்கு ஒழுகும், லேஞ்சி கொண்டு போங்க. அதோட அரிசி மாவும் குரக்கன் மாவும் கலந்து நீத்துப்பெட்டியில அவிச்ச பிட்டு, கட்டியே இல்ல, குழம்பு பட்டதும் ஊறிப் போகுது.

"அண்ணன், ஹோட்டல்லயும் நண்டு இப்பிடித்தான் குடுத்தயா?" எண்டு கேட்டன். "அங்க ஓட்டோட வெச்சா முழிப்பானுகள் தம்பி, சதையக் கழட்டி பட்டர் சோஸ் ஊத்திக் குடுக்கிறது. நம்மட அம்மா ஆக்கின மாதிரி ஒருநாளும் ஆக்க விடல்ல" எண்டாரு.

அப்ப ஏன் அண்ணன் அந்த மெனு கார்ட்? சிக்கின் கோர்டன் ப்ளூ, இறால் பாஸ்டா, மயோனைஸ் போட்ட சலட் எண்டு ரெண்டு பக்கம் நிறைய கிடக்கு. கூட வந்தவன் பாஸ்டா எடுத்தான், குழைஞ்சி போய் சோஸ் இனிச்சிக் கிடந்துது, பாதியில வெச்சிட்டு என்ட பிட்டுக்க கை போட்டான். நண்டுக் கோப்பைக்குப் பக்கத்தில தக்காளித் தோலில ரோசாப்பூ வேற, அத என்ன செய்யிற எண்டு எனக்கும் விளங்கல்ல நண்டுக்கும் விளங்கியிராது. ஹோட்டல்ல பழகினதில விடக் கூடாததும் இருக்கு, கிச்சின் நாம இருந்த இடத்தால தெரியுது, பெட்டியெல்லாம் மூடி தேதி எழுதி டேப் ஒட்டியிருக்கு, கோப்பைய சூடாக்கித்தான் சாப்பாடு வருது. மட்டக்களப்பில சூடான கோப்ப வேற எந்தக் கடையில தாறானுகள் சொல்லுங்க. அத வெச்சிக்கிட்டு பாஸ்டாவத் தூக்கினாருண்டா போதும், இப்ப ரெண்டு வேலைக்கும் ஒரே ஆள் ஓடுறதாலதான் இவ்வளவு சுணங்குது எண்டு நினைக்கன்.

சுணக்கம் எண்டா சும்மா இல்ல, பத்து நிமிசம் எண்டு சொன்னா முக்கால் மணித்தியாலம் எண்டு விளங்கிக்கங்க. பிட்டும் கறியும் விறகடுப்பில, காஸ் சும்மா பொரிக்கிறதுக்குத்தான். "இனி காஸ நம்பிக் கட நடத்த மாட்டன்" எண்டு நிக்கிறாரு, ஞாயம்தான், ஆனா காத்து மாறினா புக எங்கட மேசைக்கு வருது, ஒரு தடுப்பு அடிக்கலாம்.

பிட்டு, சொதி, கொடுவா மீன் கறி ஆளுக்கு 700 ரூபா, நண்டுக்கு அண்டண்டைக்கு விலை, ஓடர் குடுக்க முதல் நிறுத்துக் காட்டித்தான் சொல்ற, அது பிடிச்சிது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் கட, வெள்ளிக்கிழம மரக்கறி மட்டும். பார்சலுக்கு மீன் குடுப்பாரு, நண்டு குடுக்கவே மாட்டாரு, கெஞ்சிப் பாத்தம்.