பெலரோபோனா, ஆபிரிக்க நத்தையா?

நத்தை ஓட்டின் அமைப்பை உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்ட எது நல்லது: அழிந்துபோன கடல்நத்தை பெலரோபோனா, கண்டிப் பக்கத் தோட்டங்களில் திரியும் ஆபிரிக்க நத்தையா? ஒன்றுதான் என்றால் நான் ஆபிரிக்க நத்தையை எடுப்பேன். மலைநாட்டில் இருப்பது உருமாறிய பாறை, அதாவது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிப்போன பாறை. அதில் உயிர்ச்சுவடு தேடினால் வெறுங்கைதான். பெலரோபோனைப் படத்தில்தான் காட்ட வேண்டும்.

ஆபிரிக்க நத்தையின் காலி ஓட்டைக் கையிலேயே கொடுக்கலாம் (நன்றாகக் கழுவிவிட்டு, உயிருள்ளதைத் தொட வேண்டாம், புழுத் தொற்று வரும்). கூம்பு முனை, சுருள்கள், இடையில் ஓடும் பொருத்துக்கோடு, வாய் எல்லாம் தெளிவு. உடைந்த ஓடு இன்னும் விசேஷம்: நடுத்தண்டு (சுருள்கள் சுற்றிவரும் அச்சு) அடியில் வெட்டிவிட்டதுபோல் சட்டென்று முடிவது தெரியும்.

பெலரோபோன் வேறு மாதிரி. கூம்பே எழாமல் ஒரே தளத்தில் சுருண்ட ஓடு. இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும். வாயின் வெளி உதட்டு நடுவில் ஒரு பிளவு. ஓடு வளர வளர அது பின்னால் அடைபட்டு, முதுகில் பட்டையாக நிற்கும். கழிவுநீர் வெளியேற அந்தப் பிளவு உதவியது என்பது வழக்கமான விளக்கம்.

வகைப்பாட்டுப் பாடம் என்றால் மட்டும் கதை மாறும். ஆபிரிக்க நத்தை கஸ்ரோபோடா (நத்தைகள் அடங்கும் வகுப்பு), அவ்வளவுதான். பெலரோபோன் கஸ்ரோபோடாவா, மொனோபிளாக்கோபோராவா (ஒற்றை ஓடுள்ள வேறொரு மெல்லுடலி வகுப்பு) என்று தசைத்தழும்புகளை (ஓட்டின் உட்புறத்தில் தசை ஒட்டியிருந்த அடையாளங்களை) வைத்து நீண்டகாலம் வாதாடினார்கள்.